சாமிக்கண்ணு வின்சென்ட்

அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய வானம் பார்த்த சீமையில், அறுவடைக்குப் பின் உழவர்க்கு மகிழ்வூட்டியவை கூத்தும் நாடகமுமே ஆகும். பிற்காலத்தில் இத்தகைய ஊர்ப்புறங்களில் மக்கள் கீற்றுக்கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து திரைப்படம் கண்டு களித்தனர். ஊர்தோறும் கொட்டகை அமைத்துப் படம் காட்டும் அத்தொழிலுக்குத் தென்னாட்டில் வழிவகுத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஆவார்.

இவர் 1883-ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் பிறந்தார். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இருப்புப்பாதை அலுவலகத்தில் வரைவாளராக அமர்ந்தார். திங்கள் ஊதியம் ரூபாய் 25. 1905-ஆம் ஆண்டு, ஊமைப்படங்களைக் காட்டிவந்த டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் திருச்சியில் நோயுற்றார். தாய்நாடு திரும்ப விழைந்து, தம் படக்கருவியையும் இயேசுநாதர் வரலாறு முதலிய படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். வின்சென்ட் அவற்றை ரூபாய் 2,250-க்கு வாங்கினார். அஃது அவர்தம் ஏழரை ஆண்டு ஊதியத்துக்கு ஒப்பான தொகை! பழகிய பணியைத் துறந்து, பிறர் அறியாத தொழிலில் அவ்வளவு பொருளை இடுவது எளிய செயலா?

திருச்சியில் கொட்டகை அமைத்துப் படம் காட்டிய பின், அவர் ஊர் ஊராகப் புறப்பட்டார். சென்னை, மலையாள நாடு, வடக்கே பெசாவர், கடல் கடந்து பருமா, மலேயா என அவர் பயணம் விரிந்தது. அக்காலப் படச்சுருளோ பஞ்சினின்று ஆக்கப்பெற்றது. பொறி பட்டால் நொடியிற் பற்றியெரியும் இயல்பினது. காற்றுக்கும் மழைக்கும் அஞ்சியதோடு நெருப்புக்கும் அஞ்சியே படம் காட்ட வேண்டியிருந்தது.

அலைந்து தேடிய பொருளைக்கொண்டு, 1914-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். நகரில் மின்சாரம் பரவாத காலம் அது. தாமே பொறி வைத்து மின்சாரம் ஆக்கினார். அதனைக்கொண்டு அரிசி ஆலையும் அச்சுக்கூடமும் நடத்தினார். இரவில் படம் காட்டும் பொறியைப் பகலிற் சோம்பியிருக்க விடாத அறிவை வணிகர் பலரும் வியந்திருப்பர்.

பேசும்படம் தோன்றியபோதும் அவர் பின்தங்கவில்லை. 1933-இல் வெளிவந்த வள்ளி திருமணம் அவர்தம் முயற்சியால் உருவாயிற்று. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவை நிறுவியோருள்ளும் அவர் ஒருவர்.

அவர் 1942-ஆம் ஆண்டு மறைந்தார். தந்தை தொடங்கிய தொழிலை மைந்தர் ஏற்று நடத்தினர். வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறிற்று. ஆயினும் அது நின்ற தெருவைக் கோவை மக்கள் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகின்றனர்.