காக்ஸார் தலைவர் மஷ்ரிகி

திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நூலோடும் துணியோடும் பழகுவோர்க்குக் காக்கி என்னுஞ் சொல் புதிதன்று. அது, புழுதியைக் குறிக்கும் ‘காக்’ என்ற பாரசீகச் சொல்லின் அடியாகப் பிறந்ததென்பதைச் சிலரே அறிவர். அச்சொல்லையே தம் இயக்கத்தின் பெயரில் அமைத்து, அந்நிற ஆடையையே தொண்டர்க்கு உடுத்தியவர் இனாயத்துல்லாகான் மஷ்ரிகி என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவர் 1888ஆம் ஆண்டில் அமிர்தசரஸில் பிறந்தார். நம்முடையதைப் போன்ற மிஷன் கல்லூரியாகிய லாகூர் பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, கணிதத்திற் புகழெய்தி, 1907இல் கேம்பிரிட்ஜ் சென்று கற்றார். தாயகம் மீண்டபின் பெஷாவர் இஸ்லாமியக் கல்லூரித் தலைவராய் விளங்கினார். 1931இல் லாகூரை அடுத்த இச்ராவிலே காக்ஸார் இயக்கத்தைத் தோற்றுவித்தார்.

காக்ஸார் என்பதற்குப் புழுதியை ஒத்தவர், அஃதாவது பணிவுடையார் என்பது பொருள். இத்தாலியில் முசோலினி 1919இல் தொடங்கிய பாசிச இயக்கத்தின் பெயரோ, கட்டு எனப் பொருள்படும் சொல்லினின்றும் வந்தது. பண்டை உரோமில் அதிகாரிகளின் முன்னே ஏந்திச் செல்லப்பெற்ற, கோடரி செருகிய கோற்கட்டை அது நினைப்பூட்டுவது. அங்கே பெயரிலேயே அதிகாரம் தோன்றிற்று; இங்கே பணிவே தோன்றிற்று.

காக்ஸார் தொண்டர் மதவேறுபாடு கருதாது மக்கட்கு உதவல் வேண்டும். செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் நிற்றல் வேண்டும். இவை நல்விதிகளே. ஆயினும் தலைவர் ஆணையை வினவாது ஏற்றலும் விதியாயிற்று. உழைப்பின் அடையாளமாகிய மண்வெட்டி, துப்பாக்கிபோலத் தோளிலேறிற்று. ஆதலின் அக்காலத்தார் பலர் இதனைப் பாசிசப் படைகளோடு ஒப்பிட்டனர்.

1940 மார்ச் 19ஆம் நாள், அரசினர் தடையை மீறிக் காக்ஸார்கள் லாகூரில் அணிவகுத்தனர். போலீசாரோடு மோதல் நேர்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். மஷ்ரிகியார் சிறைப்பட்டு, நெடுந்தொலைவிலுள்ள நம் வேலூர்ச் சிறைக்குக் கொணரப்பட்டார். 1942 ஜனவரியில் விடுதலை பெற்றும், சில திங்கள் சென்னை மாகாண எல்லையைக் கடக்க ஒண்ணாதிருந்தார். 1947இல் தாமே இயக்கத்தைக் கலைத்தார். 1963இல் லாகூரிற் காலமானார்.

புழுதிபோற் பணிதல் அருங்குணமே. ஆனால் தன் செருக்கை அடக்குதல் வேறு. தன் அறிவையே பிறர் காலடியில் வைத்தல் வேறு. கற்றுவல்ல பெரியார் ஒருவர் வகுத்த நெறியிலும் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. மாணவ நண்பர்காள்! யாதொரு கூட்டத்திற் சேருமுன்னும் அதன் பெயர் இனிதோ என்று மாத்திரம் நோக்கற்க. ஆங்கே வினா எழுப்ப இடமுண்டோ என்பதையும் ஆராய்க.