இணைப்பே இல்லாமல் கட்டிய மன்னர்



நம் மண்டகப்பட்டுக்கு வரலாற்றில் இடம் வாங்கித் தந்தவர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். சிம்மவிஷ்ணுவின் மகனான இவர், ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டார். சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசியிடம் வடக்கே நிலங்களை இழந்தார். அந்தக் கணக்கை மகன் நரசிம்மவர்மன் வாதாபியில் தீர்த்தார். சமணராக இருந்த மகேந்திரவர்மனை அப்பர் சைவத்துக்கு மாற்றினார் என்பது மரபு. மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதியவரும் இவரே. ஓவியத்தில் கொண்ட ஈடுபாட்டால் சித்திரகாரப்புலி என்றும், புதுமை நாடும் மனத்தால் விசித்திரசித்தர் என்றும் பெயர் பெற்றார்.

அந்தப் புதுமைக்குச் சாட்சி நம் ஊர்ப் பாறைதான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்ததாக இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பிறகு தளவானூர், மாமண்டூர், திருச்சி என்று பல இடங்களில் பாறையைக் குடைந்தார். ஒரே கல் என்பதால் சுவரில் இணைப்பு இல்லை. பிரிந்து வாய் திறக்கவும் வழியில்லை.

நம் வீடுகள் அப்படி அல்ல. செங்கல்லும் மரநிலையும் சேரும் இடம், ஜன்னல் சட்டம், ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை என எங்கும் இணைப்புகள். காற்று கசிவதும் அங்கேதான். மேல்நாடுகளில் வாசல் நிலையில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கிக் கசிவை அளக்கிறார்கள்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஊதுவத்தி போதும். கேஸ் அடுப்பு, கீசரை அணைத்து, கதவு ஜன்னல்களை மூடி, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள். ஏசி அறைக் கதவை மட்டும் திறந்து வைத்து, அந்த அறையின் இணைப்புகள் அருகே ஊதுவத்தியைக் காட்டுங்கள். திரைச்சீலை பக்கம் கவனம். புகை அலைந்தால் அங்கே கசிவு. பட்டை ஒட்டியோ சிலிக்கான் பூசியோ அடைத்தால் ஏசி குளிர் வீணாகாது, மின்கட்டணமும் குறையும்.

ஆனால் சமையலறை, கேஸ் கீசர் உள்ள குளியலறை ஆகியவற்றின் காற்றுவழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அங்கே நச்சுப்புகை தங்கினால் உயிருக்கே ஆபத்து. மகேந்திரவர்மனும் கோயிலின் முன்பக்கத்தைத் தூண்களோடு திறந்தேதான் விட்டிருக்கிறார்.