மண்வெட்டியும் எழுதுகோலும்: காரல் சாப்பெக்கின் அன்றாட உலகம்

‘ரோபோ’ என்னும் சொல்லை அறியாதார் இன்று அரியர். 1921 ஜனவரியில் பிராக் நகரத் தேசிய நாடக அரங்கில் மேடையேறிய ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் செக் மொழி நாடகத்தின் வழியே உலக மொழிகளில் புகுந்த சொல் அது. செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்பது நிலவுடைமையாளருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய உழைப்பினைக் குறிக்கும். தமிழ்க் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என வருவதற்கு ஏறத்தாழ நிகரானது. நாடகத்தை எழுதியவர் காரல் சாப்பெக். சொல்லை எடுத்துக் கொடுத்தவரோ ஓவியராகிய அவருடைய தமையனார் யோசெஃப். 1933ஆம் ஆண்டின் இறுதியில், தாம் பணியாற்றிய நாளிதழிலேயே இதனை எழுதிப் புகழை உரியவரிடம் சேர்ப்பித்தார் காரல்.

அந்நாடகத்தால் மட்டும் சாப்பெக்கை அறிந்தோர், அவரை எந்திர யுகம் கண்டு அஞ்சிய சிந்தனையாளராகவே கருதுவர். பிராக் நகரத்து வாசகர்களுக்கு அவர் வேறு வகையில் அறிமுகமானவர். நாளிதழைப் பிரித்தால் பூந்தொட்டியைப் பற்றியோ, நாய்க்குட்டியைப் பற்றியோ, அன்றைய அமைச்சரவையைப் பற்றியோ சிறிதாக ஒரு பத்தி இருக்கும். அதனை எழுதியவர் சாப்பெக்.

1890 ஜனவரி 9ஆம் நாள் வடகிழக்குப் பொஹீமியாவின் மாலே ஸ்வத்தோனியோவிட்சே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை அன்டோனின் ஒரு மருத்துவர். தாய் பொஜெனா நாட்டார் வழக்காறுகளைத் தொகுப்பதில் ஈடுபாடு உடையவர். பிராக், பெர்லின், பாரிஸ் நகரங்களில் மெய்யியல் பயின்று 1915இல் முனைவர் பட்டம் பெற்றார். இளமையிலேயே பற்றிய முதுகெலும்பு நோய் அவரை முதல் உலகப் போரின் படைப்பணியிலிருந்து விலக்கி வைத்தது. வாழ்நாள் முழுவதும் வருத்தியது.

போர் நடந்த அவ்வாண்டுகளில் அவர் மேற்கொண்ட பணி கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆஸ்திரியப் பேரரசின் குடிமகனாய் இருந்துகொண்டே, பகை நாடாகிய பிரான்சின் புதுக்கவிதைகளைச் செக் மொழியில் பெயர்க்கலானார். அப்போலினேரின் நெடுங்கவிதை ஒன்றினை அவர் பெயர்த்து, யோசெஃபின் அச்சுச் சித்திரங்களோடு 1919இல் வெளியிட்டார். அடியிறுதிகளில் முழு இயைபினைத் தளர்த்தி, உயிரொலிகளின் ஒப்புமையால் அடிகளை இணைக்கும் முறையினை அதில் கையாண்டார். நெஸ்வல் முதலிய இளங்கவிஞர்கள் கண்ட புதுநடைக்கு அம்மொழிபெயர்ப்பே ஊற்றாயிற்று. சொந்தக் கவிதைகளால் அன்றி மொழிபெயர்ப்பால் ஒரு மொழியின் யாப்பினை நெகிழ வைத்தவர் என்னும் சிறப்பு எளிதில் வாய்ப்பதன்று.

1917இல் ‘நாரோட்னி லிஸ்டி’ இதழில் சேர்ந்த சாப்பெக், அதன் அரசியற் போக்கோடு முரண்பட்டு 1921இல் தமையனாருடன் வெளியேறினார். அவ்வாண்டு முதல் இறக்கும் வரை ‘லிடோவே நோவினி’ நாளிதழே அவருக்கு நிலைக்களன். இதழியலை வயிற்றுப்பாட்டுக்கான இடைத்தொழிலாகவும் நாவலையும் நாடகத்தையும் உண்மைப் பணியாகவும் பிரித்துக் காணும் வழக்கம் எழுத்தாளரிடையே உண்டு. சாப்பெக்கிடம் அப்பிரிவினை இல்லை. பயணக் கட்டுரைகளும் சிறுகதைகளும் ‘சாலமாண்டர்களுடன் போர்’ என்னும் பெருநாவலும் நாளிதழ்ப் பக்கங்களிலேயே முதலில் இடம் பெற்றன. 1931இல் வந்த ‘மார்சியாஸ்’ என்னும் கட்டுரைத் தொகுதியில் நாட்டுப்புறக் கதை, துப்பறியும் கதை, நகரத் தெருப்பாட்டு, பணிப்பெண்கள் படிக்கும் காதற்கதை ஆகியவற்றோடு செய்தித்தாளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். இலக்கியத்தின் விளிம்பில் ஒதுக்கப்பட்டவற்றுக்கும் இலக்கணம் உண்டு என்பது அவர் துணிபு. செய்தித்தாள் உருவாகும் முறையை விளக்கி அவர் தனியே எழுதியதும் உண்டு. அதில் தம் தொழிலை நகையாடுகிறாரே அன்றி இழித்துரைப்பதில்லை.

1925இல் சகோதரர் இருவரும் பிராக்கின் வினோஹ்ரடிப் பகுதியில், ஒட்டிக் கட்டிய இரட்டை வீட்டில் குடியேறினர். வெள்ளிக்கிழமை மாலைகளில் எழுத்தாளரும் அறிஞரும் பல்வேறு கட்சியினரும் அங்குக் கூடினர். குடியரசுத் தலைவர் மசாரிக்கும் வந்து அமர்ந்ததுண்டு. மசாரிக்குடன் நிகழ்த்திய உரையாடல்களைச் சாப்பெக் 1928 முதல் 1935 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

அவ்வீட்டிற்கு ஒரு தோட்டம் இருந்தது. அத்தோட்டத்திலிருந்து பிறந்ததே ‘தோட்டக்காரரின் ஆண்டு’ (1929). பன்னிரண்டு மாதங்களாகப் பகுக்கப்பெற்ற அந்நூலில், குனிந்த முதுகும் சேறு படிந்த முழங்காலுமாகத் திரியும் மனிதனே தலைவன். ரப்பர்க் குழாயோடு மல்லுக்கட்டுகிறான். நாற்றை ஊன்ற இடம் தேடிப் பிற செடிகளை மிதிக்கிறான். பூவினும் மண்ணையே மிகுதியாக நேசிக்கிறான். குனிவதே துன்பமாக இருந்த ஒருவர் எழுதிய நகைச்சுவை இது என்பதை அறிந்து படிப்போர்க்கு அதன் சுவை சற்று மாறும். நூலின் ஓர் இயலில் புகைவண்டி நிலையம், இறைச்சிக் கடை, மதுக்கூடம், வீட்டுச் சாளரம் ஆகிய இடங்களில் வளரும் செடிகளை அவற்றின் வாழிடத்தால் வகைப்படுத்துகிறார். தாவரவியலாரின் நடையைப் போலிசெய்யும் விளையாட்டுத்தான் எனினும், சாளரத்து ஜெரானியத் தொட்டிக்குப் பின்னால் வாழ்வோர் மீது அவருக்கிருந்த பரிவினை அது காட்டிவிடுகிறது. கள்ளிச்செடி வளர்ப்போரின் பித்துக்கும் அந்நூலில் இடமுண்டு. பக்கந்தோறும் யோசெஃபின் சிறு சித்திரங்கள் உடன்வருகின்றன.

பிற ஈடுபாடுகளும் பல. கீழைநாட்டுக் கம்பளங்களைத் தேடிச் சேர்த்தார். ‘சிந்தாமணியும் பறவைகளும்’ என அவர் ஒரு கதைக்குப் பெயரிட்டது தமிழ் வாசகரை வியப்பில் ஆழ்த்தக்கூடும். சீவகனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கம்பள நெசவில் ஒரு கோலத்துக்குச் சிந்தாமணி என்று பெயர். அரிய கம்பளம் ஒன்றின் மீது ஆசை கொண்டு, அதனைத் திருடவும் துணிந்த ஒருவரின் கதை அது. புகைப்படக் கலையிலும் தேர்ந்தார். தம் நாய்க்குட்டி தாஷென்காவின் வாழ்வினைத் தாமே எழுதி, தாமே வரைந்து, தாமே படமெடுத்து 1933இல் நூலாக்கினார். பிராக் இளைஞர்கள் யாரோஸ்லாவ் யெஜெக்கின் ஜாஸ் இசையில் மயங்கியிருந்த காலத்தில், ஆசிய, ஆப்பிரிக்க மக்களிசை உட்படப் பல நாட்டு இசைத்தட்டுகளை நூற்றுக்கணக்கில் திரட்டினார்.

இவையெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் சுகமான பொழுதுபோக்குகள் எனப் பழித்தோர் இருந்தனர். தாம் பொதுவுடைமைவாதி ஆகாமைக்குக் காரணம் கூறி 1924இல் அவர் எழுதிய கட்டுரையின் பின் இடதுசாரியினரின் கண்டனம் மேலும் வலுத்தது. அப்பழியில் சிறிது உண்மை உண்டு. அவருடைய பத்திகள் சில, வேலியடைத்த தோட்டத்துக்கு அப்பால் பார்க்க மறுப்பன போலத் தோன்றுகின்றன. எனினும் 1933க்குப் பின் அதே மனிதர் எழுதியவற்றையும் உடன்வைத்தே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். 1936இல் நூலான சாலமாண்டர் நாவல் அண்டை நாட்டில் எழுந்த இனவெறியை நகையாடியது. 1937இல் வந்த ‘வெள்ளை நோய்’ நாடகம் சர்வாதிகாரியை மேடையேற்றியது. இவ்வெழுத்துகளின் சினம் தோட்டக்காரரின் சினமே. ஒரு செடி வேர்பிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று அறிந்தவரால், ஒரு முழக்கத்தின் பெயரால் எல்லாம் மிதிபடுவதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

1935இல் நடிகையும் எழுத்தாளருமான ஓல்கா ஷைன்ப்ஃலுகோவாவை மணந்தார். டோப்ரீஷ் நகருக்கு அருகே ஸ்ட்ரஜ் என்னுமிடத்தில் ஒரு பழைய வீடும் நிலமும் திருமணப் பரிசாக, வாழ்நாள் உரிமையில் கிடைத்தன. அங்கும் மண்வெட்டியை எடுத்தார்.

1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக்கில் நான்கு வல்லரசுகள் கூடிச் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்கு அளித்தன. அந்நாள்களில் வேண்டுதல் வடிவில் சாப்பெக் எழுதிய பத்திகளைத் தவிர ஆறுதல் சொல்ல நாளிதழில் வேறொன்றும் இல்லை எனலாம். ஆனால் தோல்வியுற்ற நாடு தோல்விக்கு ஒரு முகத்தைத் தேடியது. மசாரிக் 1937இலேயே மறைந்துவிட்டார். அவருடைய நண்பர் இருந்தார். இதழ்களில் வசையும், பெயரிலாக் கடிதங்களும், தொலைபேசி மிரட்டல்களும் அவரைத் தொடர்ந்தன. வெளிநாடு செல்லுமாறு நண்பர் கூறியும் அவர் இசையவில்லை. இசையறிவின்றிப் பெரிய இசையமைப்பாளனாக நடித்து வாழ்ந்த ஒருவனைப் பற்றிய நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அது முற்றுப்பெறவில்லை. நுரையீரல் அழற்சி கண்டு, 1938 டிசம்பர் 25ஆம் நாள் தம் நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராக்கில் நுழைந்த பின், அவரைச் சிறைப்பிடிக்கக் கெஸ்டபோவினர் வினோஹ்ரடி வீட்டிற்கு வந்தனர். அவர் இறந்து மூன்று திங்கள் ஆகிவிட்டதென்று ஓல்கா அவர்களுக்குத் தெரிவிக்க நேர்ந்தது. செப்டம்பர் முதல் நாள் யோசெஃபைப் பிடித்துச் சென்றனர். தோட்டக்காரருக்குச் சித்திரம் வரைந்த அக்கை, வதைமுகாம்களில் கவிதை எழுதியது. 1945 ஏப்ரலில் பெர்கன் பெல்சன் முகாமில் அவர் மாண்டார், நாள் தெரியவில்லை. அக்கவிதைகள் 1946இல் நூலாயின.