ஷக்கிள்டன்: எண்ணிக்கையில் சேராத மூவர்

அலவத்துகொடயில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஏ9 வீதி தெரியும். கண்டியில் தொடங்கி மாத்தளை, வவுனியா, கிளிநொச்சி என்று யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் வீதி. யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் அந்த வீதியால்தான் நானும் அம்மாவும் இங்கே வந்தோம். தம்பி எங்களோடு வரவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

சுற்றுலா வருபவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னிடம் ஒரு வேலை தந்தார். அந்தாட்டிக்காவுக்குக் கப்பலில் போய்ப் பனியாறுகளையும் பென்குயின்களையும் பார்க்க வேண்டும், நீயே திட்டம் போட்டுத் தா என்றார். பனியையே கண்ணால் காணாத நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை ஆர்ஜன்ரீனாவின் தென்கோடி நகரமான உஷுவாயாவிலிருந்து புறப்படுகின்றன. காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. கொந்தளிப்புக்குப் பேர்போன டிரேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாட்கள் வேண்டும். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது. பென்குயின்களிடமிருந்து 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். மூன்று வாரம் ஒதுக்கக்கூடியவர்கள் தென் ஜோர்ஜியாத் தீவுக்கும் போகலாம். அங்கே கிரிட்விக்கன் என்ற கைவிடப்பட்ட திமிங்கில வேட்டைத் துறையில் ஒரு கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கப்பல்களும் அங்கே நிற்கும். அது எர்னஸ்ட் ஷக்கிள்டனின் கல்லறை.

ஷக்கிள்டன் 1874 பெப்ரவரி 15ஆம் திகதி அயர்லாந்தின் கில்டெயார் மாவட்டத்தில் பிறந்தார். 16 வயதில் கடலுக்குப் போனார். 1901இல் ஸ்கொட்டின் குழுவோடு முதன்முதலில் அந்தாட்டிக்காவுக்குப் போய், நோயாளியாகத் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு தானே ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு போனார். 1909 ஜனவரி 9ஆம் திகதி தென்துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோமீற்றர் இருக்கும்போது அவரும் மூன்று தோழர்களும் திரும்பினார்கள். இன்னும் போயிருந்தால் துருவத்தைத் தொட்டிருக்கலாம். திரும்பி வர உணவு இருந்திருக்காது. 1911 டிசம்பரில் அமுண்ட்சன் அங்கே முதலில் போய்ச் சேர்ந்தார்.

துருவம் கைவிட்டுப் போனதால், அந்தாட்டிக்காவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே கடப்பது என்று ஷக்கிள்டன் முடிவெடுத்தார். அதற்காக வாங்கிய கப்பலின் கதை என்னை நிறுத்தியது. 1912இல் நோர்வேயில் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் முதற்பெயர் பொலாரிஸ். பனிக்கடலைப் பார்க்கவும் வேட்டையாடவும் வசதி படைத்தவர்களை ஏற்றிச் செல்வதற்கென்றே, பயணிகள் அறைகளோடு அதைக் கட்டினார்கள். பணம் போதாமல் அந்த வியாபாரம் நடக்கவில்லை. அண்ணா இன்று போக நினைப்பதைப் போன்ற ஓர் உல்லாசப் பயணத்துக்காகப் பிறந்த கப்பலைத்தான் ஷக்கிள்டன் வாங்கி என்டியூரன்ஸ் என்று பெயர் மாற்றினார்.

1914 ஓகஸ்டில், முதல் உலக யுத்தம் தொடங்கிய நாட்களில், கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. 1915 ஜனவரியில் வெடெல் கடலின் பனியில் இறுகியது. ஒக்டோபர் 27ஆம் திகதி கப்பலைக் கைவிட்டார்கள்; நவம்பர் 21ஆம் திகதி அது மூழ்கியது. மிதக்கும் பனியின் மேல் 28 பேர். கண்டத்தைக் கடக்கும் எண்ணத்தை ஷக்கிள்டன் அத்தோடு விட்டுவிட்டார். அத்தனை பேரையும் உயிரோடு வீடு சேர்ப்பது மட்டுமே அவருடைய வேலையாயிற்று.

1916 ஏப்ரலில் மூன்று சிறு படகுகளில் எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். உதவி கேட்க அங்கே யாரும் இல்லை. 22 பேரை அங்கே விட்டுவிட்டு, ஐந்து பேரோடு, 7 மீற்றர் நீளங்கூட இல்லாத படகில் சுமார் 1,300 கிலோமீற்றர் கடந்து தென் ஜோர்ஜியாவை அடைந்தார். இறங்கிய இடமோ தீவின் மறுபக்கம். வோர்ஸ்லி, கிரீன் ஆகிய இருவரோடு, அதுவரை யாரும் கடந்திராத மலைகளையும் பனியாறுகளையும் 36 மணி நேரத்தில் தாண்டி, மே 20ஆம் திகதி திமிங்கிலத் துறையின் கதவைத் தட்டினார். மூன்று முறை மீட்கப் போய்ப் பனி வழிவிடாமல் திரும்பினார். நான்காம் முறை, ஓகஸ்ட் 30ஆம் திகதி, சிலி நாட்டின் யெல்ச்சோ என்ற சிறு கப்பலில் போனார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஊர் திரும்பியவர்கள் நேரே யுத்தத்துக்குள் போனார்கள். படகில் ஷக்கிள்டனோடு வந்த ஐந்து பேரில் ஒருவரான மக்கார்த்தி 1917இல் கடற்போரில் இறந்தார். பனி விட்டுவைத்த உயிரை யுத்தம் எடுத்துக்கொண்டது.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் இந்த இடத்தில் நிறுத்தி, ஷக்கிள்டன் ஓர் ஆளைக்கூட இழக்கவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். நானும் அதை நம்பித்தான் அண்ணாவுக்குக் குறிப்பு எழுதினேன். பிறகுதான் கண்டத்தின் மறுகரையைப் பற்றிப் படித்தேன்.

கண்டத்தைக் கடந்து வரும் ஷக்கிள்டனுக்காக, எதிர்ப்புறமான ரொஸ் கடல் பக்கத்திலிருந்து வழிநெடுக உணவு வைப்பதற்கு இன்னொரு குழு போயிருந்தது. பணத்தட்டுப்பாட்டோடு அவசரமாக அனுப்பப்பட்ட குழு அது. தலைவர் ஈனியஸ் மக்கின்ரொஷ், இந்தியாவின் பீகார்ப் பகுதியில் திர்கூட்டில் பிறந்தவர். 1915 மே மாதம் புயல் அவர்களுடைய கப்பலை அடித்துப் போக, பத்துப் பேர் கரையில் தனித்தார்கள். ஸ்கொட்டின் ஆட்கள் விட்டுப்போன பொருட்களில் உயிர் வாழ்ந்தார்கள், பழைய கூடாரத் துணியில் உடுப்புத் தைத்தார்கள். அப்படியும் சொன்ன வேலையைச் செய்தார்கள். 1916 ஜனவரியில் கடைசி உணவுப் பொதியை வைத்தபோது, அதை எடுக்க வேண்டியவரின் கப்பல் மூழ்கி இரண்டு மாதமாகியிருந்தது. அந்தச் செய்தி அவர்களுக்கு எட்டவில்லை.

திரும்பும் வழியில் பாதிரியாரான ஸ்பென்சர் ஸ்மித் ஸ்கேர்வி நோயால் மார்ச் 9ஆம் திகதி இறந்தார். மே 8ஆம் திகதி மக்கின்ரொஷும் ஹேவேர்டும், மற்றவர்கள் தடுத்தும் கேளாமல், மெல்லிய கடற்பனி மேல் நடந்து போனார்கள். சற்று நேரத்தில் பனிப்புயல் வந்தது. பின்னர் தேடிப் போனவர்கள் கண்டது, பனி உடைந்த இடத்தில் முடிந்துபோன காலடித் தடங்களை மட்டுமே. மக்கின்ரொஷுக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

எலிஃபன்ட் தீவிலிருந்து ஆட்களை மீட்டபின் ஷக்கிள்டன் ஓய்ந்திருக்கவில்லை. மீட்புக் கப்பலின் பொறுப்பை அரசாங்கங்கள் வேறொருவரிடம் கொடுத்திருந்தன. அதிகாரமில்லாத ஒருவராக அதில் ஏறிப் போனார். 1917 ஜனவரி 10ஆம் திகதி உயிரோடிருந்த ஏழு பேரைச் சந்தித்தார். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கப்பலுக்குத் தெரிவிக்க, முன்னரே பேசிவைத்தபடி பனியில் படுத்துக் காட்டினார்கள். பிறகு ஷக்கிள்டன் அந்த இருவரின் உடல்களையும் தேடிப் போனார். எதுவும் கிடைக்கவில்லை. மூவருக்குமாக எவன்ஸ் முனையில் ஒரு சிலுவை நடப்பட்டது. அது இன்றும் நிற்கிறது.

ஷக்கிள்டன் 1922 ஜனவரி 5ஆம் திகதி, மீண்டும் தெற்கே போன பயணத்தில், கிரிட்விக்கனில் மாரடைப்பால் இறந்தார். வயது 47. பெருங்கடன் மிஞ்சியது. மனைவி எமிலியின் விருப்பப்படி மார்ச் 5ஆம் திகதி அங்கேயே அடக்கம் செய்தார்கள். சரியாக நூறு வருடம் கழித்து, 2022 மார்ச் 5ஆம் திகதி, என்டியூரன்ஸ் 3,008 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

அண்ணாவுக்கு இரண்டு திட்டங்கள் அனுப்பினேன். ஒன்று உஷுவாயாவிலிருந்து கல்லறைக்கு. மற்றது நியூசிலாந்திலிருந்து ரொஸ் கடலுக்கு. நாளும் அதிகம், செலவும் அதிகம், ஆனால் பனி விட்டால் அந்தச் சிலுவையைப் பார்க்கலாம். எந்த வழியால் போனாலும் 28 என்ற எண்ணோடு கதையை முடிக்க வேண்டாம் என்று கீழே எழுதினேன்.

அம்மாவுக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். கப்பலைப் பற்றியோ பனியைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. காணாமல் போன அந்த இரண்டு பேரையும் பெரியவர் போய்த் தேடினாரா என்று மட்டும் கேட்டார். தேடினார் என்றேன்.