ஆட்டம் தந்த ஆசான்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் பிரிவு மாணவி)

முதலாண்டில் இக்கல்லூரியில் நான் அறிந்த இடங்கள் மூன்றே மூன்று: வகுப்பறை, ஆய்வுக்கூடம், பேருந்து நிறுத்தம். வேப்ப மரங்களுக்கு அப்பால் இருக்கும் கூடைப்பந்து ஆடுகளத்தை வராந்தாத் தூணோரம் நின்று பார்த்ததோடு சரி. அது உனக்குரிய இடமன்று என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா அரிசி ஆலையில் நெல் காய வைக்கும் கூலி வேலை செய்கிறார். அவர் கொதிக்கும் களத்தில் நிற்கும் நேரத்தில் நான் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பதா என்ற எண்ணம் நெஞ்சை அரித்தது.

ஒருநாள் எங்கள் உடற்கல்வி இயக்குநர் அம்மையார் என் உயரத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வரும்படி அழைத்தார். உடல்நலமில்லை என்று பொய் சொல்லி நழுவினேன். அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலோடு நூலகத்தில் விளையாட்டு நூல்களைப் புரட்டியபோது எனக்குக் கிடைத்தவர்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்தைப் படைத்தவர் என்று பொது அறிவுத் தேர்வுக்காக அவர் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அவர் வாழ்க்கை, நம்மைப் போன்றவர்கள் அறியவேண்டிய வாழ்க்கை.

இளமையும் இடைநிற்றலும்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆல்மான்ட் என்னும் ஊருக்கு அருகே 1861 நவம்பர் 6ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். 1870இல் விஷக்காய்ச்சல் தாயையும் தந்தையையும் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. பெற்றோரை இழந்த சிறுவனைத் தாய்மாமன் எடுத்து வளர்த்தார். பதினைந்து வயதளவில் படிப்பை விட்டுவிட்டு, காட்டில் மரம் வெட்டும் கூட்டத்தோடு சேர்ந்தார் நெய்ஸ்மித். சில ஆண்டுகள் கோடரி பிடித்த பிறகே மீண்டும் பள்ளிக்குத் திரும்பினார். தம்மினும் இளையவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார அவர் வெட்கப்படவில்லை. 1883இல் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரும் முதலில் என்னைப் போலத்தான்! புத்தகமே கதி என்று அறையில் அடைந்து கிடந்தார். மூத்த மாணவர்கள் தேடி வந்து, உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும்படி வற்புறுத்திய பிறகே அந்தப் பக்கம் போனார். போனவர் மீளவில்லை. ரக்பி கால்பந்தில் கல்லூரி அணிக்கு ஆடினார். பின்பு அக்கூடத்திலேயே பயிற்சியாளரும் ஆனார். சமயப் பணிக்காக இறையியல் பயின்றுகொண்டிருந்த அவர் விளையாட்டின் பக்கம் சாய்ந்ததை உறவினர்கள் விரும்பவில்லை. அவருடைய சகோதரிக்கு அந்த வருத்தம் கடைசிவரை தீரவில்லை. ஆனால் இளைஞர்களை நல்வழிப்படுத்தப் பிரசங்க மேடை ஒன்றே வழியன்று, ஆடுகளமும் ஒரு வழியே என்று அவர் உறுதியாக நம்பினார்.

பதினெட்டுப் பேரும் பதினான்கு நாளும்

1890இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். மறு ஆண்டு குளிர்காலத்தில் அவரிடம் ஒரு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. பதினெட்டு மாணவர்கள், எவருக்கும் அடங்காதவர்கள். வெளியே பனி, உள்ளே சலிப்பூட்டும் உடற்பயிற்சி. கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றைப் பதினான்கு நாளில் கண்டுபிடிக்கவேண்டும் என்றார் துறைத் தலைவர் லூதர் குலிக். தெரிந்த ஆட்டங்களையெல்லாம் கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார் நெய்ஸ்மித். அடிபட்டதுதான் மிச்சம்.

அப்போது அவருக்கு ஊரில் சிறுவயதில் ஆடிய ஒரு கல்லெறி விளையாட்டு நினைவுக்கு வந்தது. பாறைமேல் வைத்த கல்லை மற்றொரு கல்லால் வீழ்த்தவேண்டும். வேகமாக எறிபவனைவிட, வளைவாக மேலே தூக்கி எறிபவனுக்கே வெற்றி. இதையே அடிப்படையாகக் கொண்டார். இலக்கைத் தலைக்கு மேலே வைத்தால் முரட்டு வேகத்துக்கு வேலையில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்றால் மோதலுக்கும் இடமில்லை. கூடத்தின் மேல்மாடக் கம்பியில் பீச் பழக்கூடைகள் இரண்டு ஆணியடித்துப் பொருத்தப்பட்டன. அந்த மாடம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது; ஆகவே இன்றும் வளையத்தின் உயரம் பத்தடியே! பதின்மூன்று விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. 1891 டிசம்பர் 21இல் பக்கத்துக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடந்தது. அன்று விழுந்த கூடை ஒன்றே ஒன்று.

இயற்பியல் மாணவி என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லவேண்டும். வளையத்தின் குறுக்களவு 45 செ.மீ.; ஆடவர் ஆடும் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 24 செ.மீ. பந்து தாழ்வாக வந்தால் அதன் கண்ணுக்கு வளையம் சுருங்கித் தெரியும். கிடைமட்டத்துக்குச் சுமார் 32 பாகைக்குக் குறைவான சாய்வில் இறங்கும் பந்து, வளையத்தைத் தொடாமல் நேராக நுழையவே முடியாது. நாம் கரும்பலகையில் போடும் எறிபொருள் கணக்கை, அவர் கல்லெறி விளையாட்டிலிருந்து பெற்றார்.

மாணவியருக்கு இன்னொரு செய்தி. சில வாரங்களுக்குள் அருகிலிருந்த பள்ளி ஆசிரியைகள் ஆட்டத்தைக் காண வந்தனர். தாங்களும் ஆடலாமா என்று கேட்டனர். நெய்ஸ்மித் மறுக்கவில்லை. தொடக்கக் காலப் பெண்கள் ஆட்டத்தில் பங்குகொண்ட மாட் ஷெர்மன் என்னும் மங்கையே 1894இல் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார்.

நிலவறையிலிருந்து மாளிகைக்கு

டென்வர் நகரில் பணியாற்றிக்கொண்டே மருத்துவப் பட்டமும் பெற்ற அவர், 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வழிபாட்டு நிகழ்ச்சிகளை நடத்துவதும் உடற்கல்வியைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. அங்கே உடற்பயிற்சிக் கூடம் என்று இருந்தது ஒரு கட்டடத்தின் நிலவறை. கூரை தாழ்வு, பந்தை உயர்த்தி எறியவும் வழியில்லை. நல்லதொரு கூடம் வேண்டும் என்று பாடுபட்டார். 1907இல் நீச்சல் குளத்தோடு கூடிய ராபின்சன் உடற்பயிற்சிக் கூடம் எழுந்தது. புதிய மாணவர்களின் உடலை அளந்து சோதிப்பதும், வாள்வீச்சு கற்பிப்பதும், சோர்ந்து வருவோருக்கு அறிவுரை கூறுவதும் அவரது அன்றாடப் பணிகளாயின. அணியில் இடம்பெறும் பத்துப் பேருக்காக மட்டும் கூடம் இல்லை, பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒவ்வொருவருக்கும் உரியது அது என்பதே அவர் கொள்கை.

பயிற்றுநராக அவர் பெற்ற வெற்றி 55, தோல்வி 60. கன்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்றுநர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அந்த ஆட்டத்தைப் படைத்தவரே என்பது வியப்பன்றோ! அவர் அதற்காக வருந்தியவரும் அல்லர்.

குளத்தில் எழுந்த கேள்வி

கூடம் எல்லோருக்கும் உரியது என்ற கொள்கைக்கு 1933இல் ஒரு சோதனை வந்தது. ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் உடற்கல்வி பயில வந்தார். நெய்ஸ்மித்திடம் சென்று அவரையே வழிகாட்டியாகக் கொள்ளும்படி அனுப்பியவர் மெக்லெண்டனின் தந்தை. தந்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கூறி ஏற்றுக்கொண்டார் நெய்ஸ்மித். ஆயினும் பல்கலைக்கழக அணியில் ஆடக் கறுப்பின மாணவர்களுக்கு அன்று அனுமதியில்லை. நீச்சல் குளத்தில் மெக்லெண்டன் இறங்கி நீந்தியபோது, அவர் ஏறியதும் குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. அதைப் படித்தபோது என் கை நடுங்கியது. ஒரே கிணறு, வேறு வேறு குவளை என்ற கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவள் நான்.

மெக்லெண்டன் பின்வாங்கவில்லை, அவருடைய ஆசிரியரும் கைவிடவில்லை. பின்னர் அந்தக் குளம் எல்லா மாணவருக்கும் திறந்தது. 1936இல் பட்டம் பெற்ற மெக்லெண்டன் மேற்படிப்புக்குச் செல்லவும் நெய்ஸ்மித் துணைநின்றார். அணியில் ஆட இடமில்லாத அந்த மாணவரே பயிற்றுநராகி, 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார். 1979இல் கூடைப்பந்துப் புகழ்மன்றத்திலும் இடம்பெற்றார். ஆசானின் தோல்விக் கணக்கை மாணவர் தீர்த்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாலைப் பொழுது

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க ஆட்டமாயிற்று. அதைக் காண நெய்ஸ்மித்திடம் பொருளில்லை. பயிற்றுநர்கள் நிதி திரட்டி அவரை அனுப்பினர். இறுதி ஆட்டம் மழையில், சேறான திறந்தவெளியில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும் புகுந்த நாடும் மோதிய ஆட்டத்தை அவர் கண்குளிரக் கண்டார். தம் ஆட்டத்தைக் கொண்டு செல்வம் சேர்க்காத அவர், 1939 நவம்பர் 28இல் லாரன்ஸ் நகரில் மறைந்தார். அவர் விதிகள் எழுதிய இரண்டு தாள்கள் 2010இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. இன்று அவை கன்சாஸ் பல்கலைக்கழக வளாகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அந்தப் பழக்கூடையின் உறவு நம் வேப்ப மரத்தடி வரை நீள்வது இப்படித்தான்.

நூலை முடித்த அன்றிரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இருட்டுவதற்குள் வந்துவிடுவாயா என்று மட்டும் கேட்டார். மறுநாள் உடற்கல்வி இயக்குநர் அம்மையாரிடம் என் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். இப்போது வழக்கமான பேருந்தை விட்டு அடுத்த பேருந்தில் போகிறேன். நான் எறியும் பந்துகளில் பாதிக்கு மேல் வெளியேதான் விழுகின்றன. நெய்ஸ்மித்தின் 60 தோல்விகளை எண்ணித் தேறிக்கொள்கிறேன்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: வாரத்தில் இரண்டு மாலைகளேனும் ஆடுகளத்தை மாணவியருக்கென ஒதுக்கித் தாருங்கள். தோழியரே, உங்களுக்கும் ஒன்று: வராந்தாத் தூணோரம் இன்னும் சிலர் நிற்பதைப் பார்க்கிறேன். இறங்கி வாருங்கள். பந்து ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அது எல்லோர் கைக்கும் வரும்.