தாமஸ் வெர்னன் வொல்லாஸ்டன்

தாமஸ் வெர்னன் வொல்லாஸ்டன் (மார்ச் 9, 1822 – ஜனவரி 4, 1878) இங்கிலாந்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆவார். அட்லாண்டிக் பெருங்கடலின் மதீரா, கேனரி, கேப் வேர்டே, செயின்ட் எலனா ஆகிய தீவுகளின் வண்டினங்களை முறையாகத் திரட்டி வகைப்படுத்தியவர். இவர் திரட்டிய தரவுகள் சார்லஸ் டார்வினின் படிவளர்ச்சிக் (பரிணாம) கொள்கைக்கு முக்கியமான சான்றாக அமைந்தன. ஆயினும் அக்கொள்கையை இவர் ஏற்கவில்லை.

இளமைக் காலம்

வொல்லாஸ்டன் லிங்கன்சயர் மாவட்டத்தில் உள்ள ஸ்காட்டர் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் பயின்றார். அங்கு வண்டுகளைச் சேகரிப்பதில் ஈடுபாடு கொண்டார். நுரையீரல் நோயால் வருந்திய இவர், 1847ஆம் ஆண்டு குளிர்காலத்தை வெப்பமான மதீராத் தீவில் கழிக்கச் சென்றார். உடல்நலத்திற்காக மேற்கொண்ட இப்பயணமே அவரது வாழ்நாள் ஆய்வுக்குத் தொடக்கமானது.

மதீராவின் வண்டுகள்

பின்னரும் பலமுறை மதீரா சென்ற வொல்லாஸ்டன், தம் முடிவுகளை 1854இல் பெருநூலாக வெளியிட்டார். அவரது மதீராத் தொகுப்பை பிரித்தானிய அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. அதன் விளக்கப் பட்டியலையும் அவரே எழுத, அது 1857இல் வெளிவந்தது.

மதீராவில் அன்று அறியப்பட்ட ஏறத்தாழ 550 வண்டினங்களுள் 200 இனங்கள் பறக்க இயலாதவை என அவர் கண்டறிந்தார். இவற்றின் சிறகுகள் மிகவும் குறுகியிருந்தன அல்லது அறவே இல்லை. அத்தீவுகளுக்கே உரிய 29 பேரினங்களுள் 23 பேரினங்களில் ஓர் இனமேனும் பறக்கவில்லை. காற்று அடங்கி வெயில் வரும்வரை வண்டுகள் மறைவிடங்களிலேயே தங்குகின்றன என்பதையும், காற்றுக்கு மறைப்பற்ற டெசர்டாஸ் சிறுதீவுகளில் பறக்காத இனங்களின் விகிதம் மேலும் மிகுதி என்பதையும் அவர் குறித்துவைத்தார். மாறாக, பூக்களை நாடிப் பறந்தே தீரவேண்டிய சில வண்டுகளின் சிறகுகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தோன்றினாலும், விடை காற்றில்தான் உள்ளது என்பதைச் சுட்டுவது அதுவே.

டார்வினுடன் தொடர்பு

டார்வினும் வொல்லாஸ்டனும் நண்பர்கள். 1856இல் டார்வினின் இல்லத்தில் ஹூக்கர், ஹக்ஸ்லி ஆகியோருடன் இவரும் விருந்தினராகத் தங்கி உயிரினங்களின் மாறுபாடு பற்றி உரையாடினார். அதே ஆண்டில் இனங்களின் மாறுபாடு குறித்துத் தாம் எழுதிய நூலை டார்வினுக்கே உரித்தாக்கினார். ஓர் இனத்திற்குள் மாறுபாடு உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு என்பது அந்நூலின் நிலைப்பாடு.

1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் நூலில் டார்வின் மதீரா வண்டுகளின் எண்ணிக்கைகளை எடுத்தாண்டார். மிகுதியாகப் பறந்த வண்டுகள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு மடிந்தன. குறைவாகப் பறந்தவை தப்பி இனம் பெருக்கின. இவ்வாறு பல தலைமுறைகளில் சிறகுகள் குறுகின என்று அவர் விளக்கினார். இயற்கைத் தேர்வுடன் பயன்படுத்தாமையும் சேர்ந்தே இதை விளைவித்திருக்கலாம் எனவும் கருதினார். வொல்லாஸ்டனோ 1860இல் அந்நூலைக் கடுமையாக மறுத்துப் பெயரிடாமல் ஒரு மதிப்புரை எழுதினார். தம் கையால் எண்ணிய வண்டுகளே தாம் ஏற்காத கொள்கைக்குத் துணைநின்றதை அவர் காணநேர்ந்தது. எனினும் எண்ணிக்கைகளைத் தம் கருத்துக்கு ஏற்ப அவர் திருத்த முயலவில்லை. அறிஞரிடம் எதிர்பார்க்கத்தக்க நேர்மை இது.

காற்றுக் கருதுகோள் பின்னர் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. தென்பெருங்கடல் தீவுகளின் பூச்சிகளைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்குள்ள இயல் பூச்சியினங்களில் ஏறத்தாழப் பாதி பறக்காதவை என்றும், இதில் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்றும் காட்டியது. கடலில் வீழ்வது மட்டுமன்றி, பலத்த காற்றில் பறப்பதற்கு ஆகும் ஆற்றல் செலவும் காரணமாகக் கூறப்பட்டது.

பிற தீவுகள்

நண்பர் ஜான் கிரேயின் படகில் கேனரித் தீவுகளுக்கும், பின்னர் கேப் வேர்டேக்கும் சென்றார். இத்தீவுகளின் வண்டுகள் பற்றிய நூல்கள் 1864, 1865, 1867 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. 1869இல் எடித் ஷெப்பர்டை மணந்தார்.

1875–76இல் மனைவியுடன் செயின்ட் எலனாவில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்கினார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொண்டுவிட்ட ஆடுகளால் அத்தீவின் காடுகள் அதற்குள் பெரும்பாலும் அழிந்திருந்தன. எஞ்சிய மலைமுகட்டு மரங்களில் தேடி, இயல்பாகவே அத்தீவுக்கு உரியவை எனத்தக்க 129 வண்டினங்களை இவர் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. மூன்றில் இரு பங்கிற்கும் மேலானவை கூன்வண்டுகள். இவற்றில் பல உலர்ந்த மரத்தைச் சார்ந்து வாழ்பவை என்பதால் காடழிவு இவற்றுக்கு நேரடிக் கேடாகும். 1877இல் வெளியான இந்நூலை வாலஸ் தம் தீவு வாழ்வு நூலில் (1880) விரிவாகப் பயன்படுத்தினார். இந்நூல் பேசும் பெரிய தரைவண்டு இனம் ஒன்று 1960களுக்குப் பின் உயிருடன் காணப்படவில்லை.

மறைவும் தொகுப்புகளும்

வொல்லாஸ்டன் டெவன் மாவட்டத்தின் டெயின்மவுத் நகரில் காலமானார். தீவுகளின் நிலத்து நத்தைகள் பற்றிய அவரது நூல் அதே ஆண்டில், அவர் மறைந்தபின் வெளிவந்தது. செயின்ட் எலனாவின் அந்துப்பூச்சிகள் பற்றி எடித் 1879இல் கட்டுரை வெளியிட்டார்.

இவரது மாதிரிகள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும் உள்ளன. இவற்றுள் பல, ஓர் இனத்திற்குப் பெயரிடும்போது அடிப்படையாகக் கொள்ளப்படும் வகை மாதிரிகள் ஆகும். அட்லாண்டிக் தீவுகளில் ஒரு வண்டைப் புதிய இனம் என அறிவிக்க விரும்புவோர் இம்மாதிரிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.