உலகத்தை ஓட வைத்தார். தாம் ஓட முடியாமற் போனார்

ஓட்டக் காலணி செய்த பில் பவர்மன் வரலாறு

அரக்கோணம் ஜங்ஷனில் மேற்கே போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்திற்கெல்லாம் தோல் சீமை ஆரம்பித்துவிடும். வாலாஜா ரோடில் இறங்கினால் ராணிப்பேட்டை. காட்பாடிக்கு அப்பால் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி. விடியற்காலையில் டிபன் பாக்ஸும் கையுமாக ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களை இந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். முதலில் இங்கே தோல் பதனிட்டார்கள். பிறகு தோல் பூட்ஸ் தைத்தார்கள். இப்போது ஓட்டக்காரர்கள் அணியும் விளையாட்டுக் காலணிகளின் காலம் வந்திருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் தைவான் நாட்டார் நடத்தும் தொழிற்சாலையில் நைக்கி காலணிகள் தயாராகின்றன. அரக்கோணத்துக்கு அருகேயுள்ள பனப்பாக்கத்தில் மற்றொரு தைவான் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலைக்கு 2024-ம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்த ஓட்டக் காலணி யாருடைய மூளையில் உதித்தது? ஒருவரை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஜெர்மனியில் அடால்ப் டாஸ்லர், ஜப்பானில் கிஹாசிரோ ஓனிட்சுகா என்று பலர் இதற்காகப் பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் பந்தய வீரர் அல்லாத சாதாரண மனிதனையும் வீதியில் இறங்கி ஓட வைத்து, அவன் காலுக்கு ஏற்ற காலணியையும் செய்து கொடுத்தவர் என்று பார்த்தால், அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மனுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். அவருடைய வாழ்க்கை, காலணித் தொழிலில் இருக்கும் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. காரணத்தை வாசகர்கள் முடிவில் காண்பார்கள்.

சிற்றூர்ப் பிள்ளை

பவர்மன் 1911-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் மாகாணத்தில் பிறந்தார். தகப்பனார் ஜே பவர்மன் அந்த மாகாணத்தின் தற்காலிகக் கவர்னராக இருந்தவர். ஆனால் அந்தச் செல்வாக்கு பிள்ளைக்கு உதவவில்லை. தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தாயார் குழந்தைகளுடன் பாஸில் என்ற சிறிய ஊருக்குத் திரும்பினார்.

மெட்போர்டு ஊர்ப் பள்ளியில் படிக்கும்போது பார்பரா என்னும் பெண்ணைச் சந்தித்தார். பிற்காலத்தில் அவருக்கு மனைவியாக வாய்த்தவர் அந்த அம்மையாரே. ஆரிகன் சர்வகலாசாலையில் கால்பந்து ஆடினார். ஓட்டப் பந்தயத்திலும் கலந்துகொண்டார். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. மலைப் போருக்கென்று அமைக்கப்பட்ட பத்தாவது டிவிஷனில் சேர்ந்து இத்தாலிக்குப் போனார். கோவேறு கழுதைகளின் முதுகில் உணவும் வெடிமருந்தும் ஏற்றி மலைமேல் கொண்டு போகும் வேலையில் பழக்கம் பெற்றார். வீரத்துக்காக வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் கிடைத்தது. சுமை கொஞ்சம் குறைந்தால்கூட ஏறுகிற உயிருக்கு எவ்வளவு சௌகரியம் என்பதை அங்கே அவர் கண்கூடாகப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு அவுன்ஸ் கணக்கு

1948-ம் ஆண்டு தாம் படித்த சர்வகலாசாலைக்கே ஓட்டப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். அடுத்த 24 ஆண்டுகளில் அவர் மாணவர்கள் நான்கு முறை அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தை வென்றார்கள். ஒரு மைலை நான்கு நிமிஷத்துக்குள் ஓடியவர்கள் மட்டும் பதினைந்து பேருக்கு மேல்.

மற்றப் பயிற்சியாளர்கள் கையிலே கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். பவர்மனோ மாணவனின் காலடியைப் பார்த்தார். அவர் போட்ட கணக்கு இது. ஒரு மைல் ஓடுபவன் ஆறடிக்கு ஒரு எட்டாக வைத்தால் 880 எட்டு வைக்கிறான். காலணியின் எடையில் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், குறைத்துவிட்டால் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 25 கிலோ சுமை தூக்குவது மிச்சம். மாரத்தான் தூரமான 42 கிலோமீட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்; 650 கிலோ வருகிறது!

அந்தக் காலத்துப் பந்தயக் காலணிகள் கனமாக இருந்தன. இவர் சொன்ன யோசனைகளைக் காலணிக் கம்பெனிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்த்தார் பவர்மன். செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டார். மாணவர்களின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, அவரவருக்கு அளவெடுத்துத் தாமே தைக்கத் தொடங்கினார். மாட்டுத் தோலோடு நிற்காமல் கங்காருத் தோலையும் மீன் தோலையும்கூடச் சோதித்துப் பார்த்தார். சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர் இரவில் தோலும் ஊசியும் பசையுமாக உட்கார்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்!

கிழவரிடம் கற்ற பாடம்

1962-ம் ஆண்டு முடிவில் அவர் நியூசிலாந்துக்குப் போனார். ஆர்தர் லிடியார்டு என்ற பெயர்பெற்ற பயிற்சியாளர் அங்கே பொதுமக்களுக்கு மெதுவோட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். பவர்மனும் ஒரு நாள் அவர்களுடன் ஓடினார். வயது ஐம்பத்தொன்று, உடம்பு பருத்திருந்தது. சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்கியது. அவருக்குத் துணையாக வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய முதியவர். இருதய நோய் கண்டு பிழைத்தவர். அந்தக் கிழவர் இவருக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. வாழ்நாள் எல்லாம் ஓட்டம் கற்பித்தவருக்கு இது பெரிய பாடம்.

ஊர் திரும்பியதும் யூஜீன் நகரத்து மக்களை மைதானத்துக்கு அழைத்தார். வியாபாரிகள், குடும்பப் பெண்கள், முதியோர் என்று கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து மெதுவோட்டம் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1967-ல் வெளிவந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. வேலை முடிந்து ரோட்டில் ஓடும் பழக்கம் அமெரிக்காவில் பரவியதற்கு அந்தப் புத்தகம் ஒரு முக்கிய காரணம்.

ஆளுக்கு 500 டாலர்

பவர்மனின் பழைய மாணவர் பில் நைட். ஆசிரியர் தைத்த காலணிகளை முதன்முதலில் அணிந்து பார்த்தவர்களில் ஒருவர். இவர் ஜப்பானுக்குப் போய், கோபே நகரத்து ஓனிட்சுகா கம்பெனியின் டைகர் காலணிகளை அமெரிக்காவில் விற்க அனுமதி பெற்று வந்தார். மாதிரி ஜோடி ஒன்றைக் குருநாதருக்கு அனுப்பினார். குருநாதர் தாமும் கூட்டுச் சேருவதாகச் சொன்னார். 1964-ம் ஆண்டு ஜனவரியில் ஆளுக்கு 500 டாலர் போட்டு வியாபாரம் ஆரம்பமாயிற்று. மாணவர் விற்றார், ஆசிரியர் காலணிகளைப் பிரித்துப் போட்டு, எங்கே என்ன குறை என்று ஆராய்ந்து ஜப்பானுக்குக் கடிதம் எழுதினார். குதிகாலிலிருந்து விரல் நுனி வரையில் மெத்தென்ற அடிப்பாகம் வைத்த ஒரு மாதிரி அவர் யோசனையில் பிறந்தது. கோர்ட்டெஸ் என்ற அந்தக் காலணி நன்றாக விற்றது.

பிறகு இரு கம்பெனிகளுக்கும் மனத்தாங்கல் வந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 1974-ல் வெளியான தீர்ப்பின்படி அந்த மாதிரியை இருவரும் விற்கலாம், ஆனால் கோர்ட்டெஸ் என்ற பெயர் அமெரிக்கருக்கே என்றாயிற்று. அதற்கு முன்பே, 1971-ல், பவர்மனும் நைட்டும் தங்கள் சொந்தச் சரக்குக்கு நைக்கி என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள். கிரேக்கப் புராணத்தில் வெற்றித் தேவதையின் பெயர் அது.

சமையலறையில் ஓர் ஆராய்ச்சி

ஆரிகன் மைதானத்தில் அப்போது செயற்கைத் தளம் போட்டார்கள். ஆணி வைத்த காலணிகள் அதற்கு ஒத்துவரவில்லை. ஆணி இல்லாமலே நன்றாகப் பிடித்து நிற்கும் அடிப்பாகம் தேவைப்பட்டது. காலைச் சிற்றுண்டி வேளையில் பார்பரா அம்மையார் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார். மாவை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்திச் சுடும் பலகாரம் அது. நம் பணியாரக் கல்லில் குழிகள் இருப்பது போல அதன் அச்சில் சிறுசிறு சதுரங்கள் இருக்கும். பவர்மனுக்குப் பொறி தட்டியது. அந்த அச்சில் ரப்பர் போன்ற யூரித்தேன் குழம்பை ஊற்றினார். எண்ணெய் தடவாமல் தோசைக் கல்லில் மாவு ஊற்றினால் என்ன ஆகும்? அதே கதிதான். அச்சு ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமற் போயிற்று. ஆனாலும் அவர் விடவில்லை. வேறு அச்சுகளில் முயன்று வெற்றி கண்டார். 1974 பிப்ரவரியில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் குப்பையோடு புதைத்த பழைய வாஃபிள் அச்சு 2010-ல் தோண்டி எடுக்கப்பட்டு, இன்று நைக்கி கம்பெனியில் பொக்கிஷமாகப் போற்றப்படுகிறது!

இரும்பு மனிதர்களின் கால்கள்

மெதுவோட்டத்தில் தொடங்கிய மோகம் எங்கே போய் நின்றது தெரியுமா? 1978 பிப்ரவரி 18-ந் தேதி ஹவாயின் ஓவாஹு தீவில் முதலாவது இரும்பு மனிதர் போட்டி நடந்தது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், உடனே 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் 42 கிலோமீட்டர் ஓட்டம். டிரையத்லான் என்னும் மும்முனைப் போட்டியில் இதுவே நெடுந்தூர வகை. அன்று புறப்பட்டவர்கள் பதினைந்து பேர். முடித்தவர்கள் பன்னிரண்டு பேர். பிறகு உலகெங்கும் பரவி ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் போட்டியாகிவிட்டது.

இந்த வீரர்கள் எந்தக் கம்பெனிக் காலணி அணிகிறார்கள் என்று ஹவாயிலே கோனா நகரில் தலை எண்ணுவது போலக் கால் எண்ணிக் கணக்கெடுப்பது ஒரு வழக்கம். அதில்தான் வேடிக்கை இருக்கிறது. விளம்பரத்திலும் வியாபாரத்திலும் முதல் இடத்தில் இருந்த நைக்கி, அந்தக் கணக்கிலே பல ஆண்டுகள் முதலிடம் பெறவில்லை. பவர்மனின் பழைய கூட்டாளியான ஓனிட்சுகாவின் நிறுவனம், 1977-ல் ஆசிக்ஸ் என்று பெயர் மாறியது, நெடுங்காலம் முன்னணியில் நின்றது. பிறகு, பிரெஞ்சுக்காரர் இருவர் 2009-ல் தொடங்கிய ஹோகா, தடித்த மெத்தை போன்ற அடிப்பாகத்தால் அதையும் முந்திக்கொண்டது. எட்டு மணி, பத்து மணி நேரம் உழைத்து வீங்கிய கால் விளம்பரத்தைக் கேட்பதில்லை. தனக்குச் சுகம் தருவது எதுவோ அதைத்தான் கேட்கிறது. பவர்மன் வாழ்நாள் முழுவதும் மாணவரின் பாதத்தை வரைந்து கற்றுக்கொண்ட உண்மையும் இதுவேதான்.

பசை வாங்கிய விலை

இனி, முதலில் சொல்லாமல் வைத்த விஷயத்துக்கு வருவோம்.

காற்றோட்டமில்லாத சிறிய அறையிலே பவர்மன் ஆண்டுக்கணக்காகக் காலணி ஒட்டினார். அந்தப் பசையிலும் கரைப்பான்களிலும் இருந்த ஆவியை அவர் பொருட்படுத்தவில்லை. மெல்ல மெல்லக் கால் நரம்புகள் பழுதடைந்தன. நடையிலே நொண்டல் வந்தது. ஓடவே முடியாமற் போயிற்று. லட்சோப லட்சம் மக்களை ஓட வைத்தவர், தாம் செய்த காலணியை அணிந்து ஓடும் பாக்கியத்தை இழந்தார். 1999 டிசம்பர் 24-ந் தேதி, தாம் வளர்ந்த பாஸில் ஊரிலேயே 88-வது வயதில் காலமானார்.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தல்ல. பசையைக் கரைக்கப் பயன்படும் ஹெக்சேன் என்ற திரவத்தின் ஆவி நரம்பைக் கெடுக்கும் என்பது, ஜப்பானிலும் இத்தாலியிலும் காலணித் தொழிலாளர்களுக்கு வந்த வியாதியால் 1960-களிலும் 70-களிலும் தெரியவந்தது. முதலில் கால் விரல்களும் கை விரல்களும் மரத்துப் போகும். பிறகு பாதம் தூக்க வராது. வலி அதிகம் இல்லாததால் பலர் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அந்தக் காற்றிலிருந்து விலகிவிட்டால் பெரும்பாலும் மெதுவாகக் குணமாகும். முற்றிவிட்டால் ஊனம் தங்கிவிடும்.

தடுப்பது கஷ்டமான காரியமல்ல. பசை டப்பாவை மூடி வைக்க வேண்டும். ஆவியை வெளியேற்றும் விசிறிக் குழாய் மேஜைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். கையில் உறை வேண்டும். நீரில் கரையும் பசைகளும் இப்போது விளையாட்டுக் காலணித் தொழிலில் வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. விரல் மரத்தது என்று ஒரு பெண் சொன்னால் அசதி என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வைத்தியரிடம் போகிறவரும் தாம் பசை மேஜையில் வேலை செய்வதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

தோலுக்காகப் பாலாறு கொடுத்த விலையை வேலூர்ச் சீமை நன்கு அறியும். அந்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட வேண்டியிருந்தது. காலணிக்காக இன்னொரு விலையை நம் பெண்களின் கால்கள் கொடுக்கக் கூடாது. கோனாவில் ஓடுகிறவரின் காலை எண்ணிப் பார்க்கிறார்கள், நல்லதுதான். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற கால்களையும் யாராவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?